தண்ணியில்லாக் காட்டில் ஒரு தண்ணீர்த் தவளை: கமுதி வீடு ஒன்றின் பத்து நாள் பதற்றம்!

கமுதி பஜாரில் காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. புரட்டாசி மாதம். மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. பஜாருக்குப் பின்னால் இருக்கும் தெருவில், குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டிகள் தண்ணீர்க் குழாயை நோக்கி வரிசையாகப் போகின்றன. அந்தத் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் அன்று யாரும் தண்ணீர் பிடிக்கக் கிளம்பவில்லை. மொத்தக் குடும்பமும் கூடத்தில் இருக்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

தொட்டிக்குள் தங்கமீன்கள் நான்கு வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தன. மேலே, தண்ணீர் மட்டத்தில், வெள்ளை நிறத்தில் ஒரு தவளை மிதந்தது. நேற்றுவரை தட்டையாக இருந்த உடம்பு, ஊதிய பலூன்போல வீங்கியிருந்தது. கால்களை அசைத்துக் கீழே போகப் பார்க்கிறது, முடியவில்லை. திரும்பவும் மேலே வந்துவிடுகிறது.

"ஏ ஆத்தி, தவக்களைக்கு என்னமோ ஆகிப்போச்சுடா!" என்று முதலில் கத்தியது அப்பத்தாதான். அந்தத் தவளையைக் கண்டாலே ஆகாது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் அழவில்லை. "அக்கா மீனுதான் இதைக் கடிச்சிருக்கு" என்றான். பெரியப்பா மகளான அந்த அக்கா சும்மா விடுவாரா? "உன் தவளை என் கப்பி மீனு ஆறையும் முழுங்குச்சே, அதுக்கு என்னடா சொல்ற?" என்றார். ஒரு தொட்டி, இரண்டு சொந்தக்காரர்கள். பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது.

காவிரி வந்து சேரும் ஊர்

ராமநாதபுரம் மாவட்டத்தை 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டார்கள். பிடிக்காத அதிகாரியை அங்கே மாற்றுவதாகப் பழைய சினிமாக்களில் வசனம்கூட உண்டு. ஆனால், இந்த மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் கண்மாய்களாகவே தெரியும். ஊருக்கு ஒரு கண்மாய், சில ஊர்களுக்கு இரண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைப் பிடித்துவைத்து ஆண்டு முழுக்கப் பிழைப்பதற்காக முன்னோர் வெட்டிவைத்தவை அவை.

கமுதியை ஒட்டி ஓடுவது குண்டாறு. ஓடுவது என்று சொல்வதைவிட, ஓடினால் பார்க்கலாம் என்று சொல்வதே சரி. மேற்கே மதுரை மாவட்டத்து மலையடிவாரத்திலிருந்து கிளம்பி, திருமங்கலம் பக்கம் வந்து, கமுதியைத் தொட்டு, மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். ஆற்றங்கரையில் சேதுபதி மன்னர்கள் காலத்துக் கோட்டை ஒன்று இருக்கிறது. காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று டீக்கடைகளில் இன்றும் பேசுகிறார்கள்.

ஆனால் குடிக்கிற காவிரி ஏற்கெனவே வந்துவிட்டது. திருச்சி பக்கம் எடுக்கப்படும் காவிரித் தண்ணீர், கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்கள் வழியாக இந்த மாவட்டத்துக்கு வருகிறது. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீருக்கு ஒரு சாதிப் பட்டியலே உண்டு: குடிக்கக் குழாய்த் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர், துணி துவைக்கப் போர்த் தண்ணீர், மழை வந்தால் பிடித்துவைக்க அண்டா.

இந்த ஊரில் வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதை நம்பித்தான் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-ல் கமுதிப் பக்கம் வந்தது. திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையம் என்று பேசப்பட்டது.

இப்படிப்பட்ட ஊருக்கு, வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் தவளை ஒன்று வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த வீட்டில் நடந்தது.

மதுரையில் வாங்கிய 'வெள்ளைக் குட்டி'

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போன குடும்பம், திரும்பும்போது மீன் கடை ஒன்றில் நின்றிருக்கிறது. அக்காவுக்கு மீன். தம்பிக்கு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வெள்ளைத் தவளை. "மீனோட சேர்த்தே விடலாம், ஒண்ணும் செய்யாது" என்று சொல்லியிருக்கிறார்கள். பாலித்தீன் பையில் தண்ணீரோடு, மடியில் வைத்தபடி, பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தது தவளை.

மீன் கடைகளில் தண்ணீர்த் தவளை என்ற பெயரில் பொதுவாக இரண்டு வகைகள் கிடைக்கின்றன. இரண்டும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. ஒன்று குள்ளத் தவளை. வளர்ந்தாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. இன்னொன்று நகத் தவளை. 'ஸீனோபஸ் லேவிஸ்' என்பது அதன் அறிவியல் பெயர். பெண் தவளை உள்ளங்கை அளவுக்கு வளரும். குட்டியாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. முன்னங்கால்களைப் பாருங்கள். விரல்களுக்கு இடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. சவ்வு இல்லாமல் விரல்கள் தனித்தனியாக இருந்தால் நகத் தவளை. பால்வெள்ளை நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் நகத் தவளைதான். கமுதிக்கு வந்தது இந்த இரண்டாவது வகை.

சாதாரணத் தவளை அல்ல இது. நாக்கே கிடையாது. இரையை முன்னங்கால்களால் வாய்க்குள் தள்ளும். பின்னங்கால்களில் மூன்று விரல்களில் கறுப்பு நகம் இருக்கும். உடம்பின் ஓரத்தில் தையல் போட்டதுபோல இருக்கும் கோடுகள், தண்ணீரின் அசைவை உணரும் உறுப்புகள். வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கிவிடும். அக்காவின் ஆறு கப்பி மீன்கள் போன வழி அதுதான்.

மருத்துவ வரலாற்றிலும் இதற்குப் பெரிய இடம் இருக்கிறது. 1930-களில் லான்சிலாட் ஹாக்பென் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியின் ஆய்வுகளிலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பெண்ணின் சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அவர் கர்ப்பமாக இருந்தால், சில மணி நேரத்தில் தவளை முட்டையிடும். 1960-கள் வரை உலகின் பல மருத்துவமனைகளில் இதுதான் நடைமுறை. இன்று மருந்துக் கடையில் வாங்கும் பரிசோதனைக் குச்சி, இந்தத் தவளை பார்த்த வேலையைத்தான் பார்க்கிறது. இதே இனத்தை வைத்து ஜான் கர்டன் செய்த நகலாக்க ஆய்வுக்கு 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது.

'தவளை தன் வாயால் கெடும்' என்பார்கள். இதற்கு அந்தப் பழமொழி பொருந்தாது. குரல்நாண் இல்லாததால் கத்தத் தெரியாது. தண்ணீருக்கு அடியில் 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் மட்டும் எழுப்பும். நோய் வந்தாலும் சத்தமே இருக்காது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வரும்போது நாள்கள் கடந்திருக்கும்.

உப்பு ஒரு கை, குழாய்த் தண்ணீர் ஒரு குடம்

தவளை வீங்குவதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது என்று விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று அப்பா தொட்டியை முழுதாகக் காலி செய்திருக்கிறார். கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார். புதிதாகப் பிடித்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியிருக்கிறார். 'மீனுக்கு நல்லது' என்று கல் உப்பும் இரண்டு கைப்பிடி போட்டிருக்கிறார். எல்லாமே நல்லெண்ணத்தில் செய்தவை.

மீனுக்குச் செதில் இருக்கிறது. தவளைக்கு அது கிடையாது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது உடம்புக்குள் போகும். குடிநீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் நமக்குப் பாதுகாப்பு, தவளைக்கு எரிச்சல். அளவு தெரியாமல் போடும் உப்பு, உடம்புக்குள் இருக்கும் நீரின் சமநிலையைக் கெடுக்கும். சோப்பின் மிச்சம் இன்னும் மோசம்.

வடிகட்டிப் பஞ்சைக் கழுவியதில் இன்னொரு சிக்கல். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதைத் தின்று, ஆபத்து குறைந்த பொருளாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை பெருகுவதற்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பஞ்சைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் அத்தனையும் போச்சு. தங்கமீன்களோ நிறையத் தின்று நிறையக் கழிக்கும் ஜாதி. சின்னத் தொட்டியில் நான்கு தங்கமீன் என்றால் அமோனியா ஏறத் தனியாகக் காரணம் வேண்டாம்.

இதற்கு மேல் வெப்பம். நகத் தவளைக்கு 18 முதல் 24 டிகிரி வரையிலான தண்ணீர்தான் தோது. கமுதி வீட்டுக் கூடத்தில், புரட்டாசி மதியத்தில், தொட்டித் தண்ணீர் 32 டிகிரி காட்டியது.

மீன் கடித்ததா, தவளை மீனைத் தின்றதா என்று சண்டை போட்ட பிள்ளைகள் இருவரும் அப்போதுதான் அமைதியானார்கள். இரண்டில் எதன் மீதும் பழி போட முடியாது. ஒரே தொட்டியில் இருக்கவேண்டிய ஜீவன்களே அல்ல அவை.

"ஆடு மாடு பார்த்திருக்கேன், தவளை முதல் தடவை!"

1962-க்கு போன் செய்தால் ஆடு, மாடுகளுக்கு வீடு தேடி மருத்துவ வண்டி வரும். தவளைக்கு? அப்பா தயங்கித் தயங்கித்தான் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் போனார். மகன் கையில் மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. வரிசையில் முன்னால் ஒரு வெள்ளாடு, பின்னால் ஒரு சேவல். எல்லோரும் டப்பாவை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாம் பார்த்திருக்கேன் தம்பி. தவளை இதுதான் முதல் தடவை" என்று சிரித்த மருத்துவர், பையனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தன் கல்லூரிப் பேராசிரியருக்கு போன் போட்டார். வீடியோவில் தவளையைக் காட்டினார்.

முதலில் தொடையின் உட்புறத்தைப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். அங்கே சிவந்திருந்தால் 'செங்கால் நோய்'. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே ஆன்டிபயாடிக் தேவைப்படும். சிவப்பு இல்லை.

அடுத்து, முட்டை வயிறா என்று பார்த்தார்கள். பெண் தவளைக்கு முட்டை சேர்ந்தால் இடுப்புப் பக்கம் பேரிக்காய்போலப் பருக்கும். அது நோய் அல்ல. இதற்கோ தொண்டை முதல் கால் வரை தோலுக்கு அடியில் நீர் கோத்திருந்தது. நீர்க்கோவை.

"நீர்க்கோவைங்கிறது நோயோட பேரு இல்ல, அறிகுறி. சிறுநீரகம், இதயம், கிருமி, கெட்ட தண்ணி... எதுனாலயும் வரலாம். முதல்ல தண்ணியைச் சரிபண்ணுவோம். குறையலைன்னா திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்க. வீட்டுல ஊசியால குத்தி நீரெடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்" என்றார் மருத்துவர்.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். மீனுக்கு ஊற்றும் பச்சை மருந்து. அன்று மாலை ஊற்றலாம் என்று வாங்கிவைத்தது. மருத்துவர் அதை வாங்கித் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். மாலகைட் கிரீன், ஃபார்மலின், செம்பு கலந்த மீன் மருந்துகளைத் தவளைத் தோல் தாங்காது. மீனைக் குணப்படுத்தும் அளவே தவளையைக் கொன்றுவிடக்கூடும்.

அப்பத்தாவின் மண் சட்டி

மருத்துவர் சொன்னது எளிமையானதுதான். தனிப் பாத்திரம், சுத்தமான தண்ணீர், குளிர்ச்சி, இருட்டு, அமைதி. மூன்று நாளைக்கு இரை வேண்டாம்.

தனிப் பாத்திரத்துக்கு பிளாஸ்டிக் டப் கிடைத்தது. தண்ணீரைத் தவளை நின்றால் மூக்கு வெளியே வரும் அளவுக்கு மட்டும் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர்த் தவளை என்றாலும் இதற்கு இருப்பது செவுள் அல்ல, நுரையீரல். மூச்சுக்கு மேலே வந்தே ஆகவேண்டும். பலவீனமான தவளை ஆழத் தண்ணீரில் மூழ்கியே செத்துப்போகும்.

தண்ணீரை என்ன செய்வது? குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற அண்டாவில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தார்கள். குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் இப்படிப் போகாது. அதற்கு மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சொட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். கேன் தண்ணீர் சுத்தமாயிற்றே என்று அதை மட்டுமே ஊற்றுவதும் சரியல்ல. தாது உப்புகளை முழுக்க உறிஞ்சிவிட்ட தண்ணீரும் தவளைக்கு ஆகாது.

எல்லாம் சரி, குளிர்ச்சி? ஐஸ் கட்டியைப் போடலாமா என்று பையன் கேட்டான். திடீர்க் குளிர் அதிர்ச்சியைக் கொடுக்கும், கூடாது என்று சொல்லியிருந்தார் மருத்துவர். ஏ.சி. இல்லாத வீடு. அப்போதுதான் அப்பத்தா எழுந்து பின்கட்டுக்குப் போனார். அகன்ற மண் சட்டி ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, ஈர மணல் பரப்பிய இடத்தில் வைத்து, சுற்றிலும் நனைத்த சாக்கைக் கட்டினார்.

"பானைத் தண்ணி ஏன்டா சில்லுன்னு இருக்கு? அதே கணக்குதான்" என்றார்.

பிளாஸ்டிக் டப்பிலிருந்து மண் சட்டிக்கு இடம் மாறியது தவளை. மேலே கொசுவலைத் துணி, குதித்துவிடாமல் இருக்க. சாக்கு காயக் காய நனைப்பது பையனின் வேலை. தினமும் பாதித் தண்ணீரை மாற்றுவது அக்காவின் வேலை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று மதியம் சட்டித் தண்ணீர் 27 டிகிரி காட்டியது. 24-க்கு வரவில்லைதான். ஆனால் 32-க்கு இது எவ்வளவோ மேல்.

மூன்றாம் நாள் மாற்றம் இல்லை. நான்காம் நாள் வீக்கம் கூடியதுபோலத் தெரிந்தது. திருநெல்வேலிக்குப் போவதற்கு பஸ் விசாரித்தார் அப்பா. ஆறாம் நாள் காலையில் தவளை சட்டியின் அடியில் உட்கார்ந்திருந்தது. மிதக்கவில்லை! எட்டாம் நாள் மண்புழுத் துண்டு ஒன்றை முன்னங்கால்களால் வாய்க்குள் தள்ளியது. பத்தாம் நாள் உடம்பு கிட்டத்தட்டப் பழையபடி தட்டையாகிவிட்டது.

எது குணப்படுத்தியது என்று மருத்துவரே உறுதியாகச் சொல்லவில்லை. "தண்ணிதான் கெடுத்திருக்கணும், தண்ணிதான் தேத்தியிருக்கணும்" என்றார். நீர்க்கோவை வந்த எல்லாத் தவளைகளுக்கும் இப்படி நடக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"குண்டாத்துல விட்ருவோமா?"

நான்காம் நாள், வீக்கம் கூடியபோது, வீட்டில் ஒரு பேச்சு வந்தது. "பாவம், அது படுற பாடு. குண்டாத்துப் பள்ளத்துல கொஞ்சம் தண்ணி கிடக்கு, கொண்டுபோய் விட்ருவோம். பொழச்சா பொழைக்கட்டும், புண்ணியமாப் போகும்" என்றார் பெரியப்பா. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அப்பாவும் தலையாட்டினார்.

இந்த இடத்தில்தான் ஒரு தவளையின் கதை ஊரின் கதையாகிறது.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கமுதிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்த மரம். விறகுக்கும் கரிக்கும் உதவியது, உண்மைதான். ஆனால் கண்மாய், வரப்பு, ஆறு என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டும், வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் 'சக்கர்' மீனும் அப்படித்தான். வளர்ந்ததும் ஏரியில் விட்டார்கள். இன்று சென்னை ஏரிகளில் வலை போட்டால் அதுதான் சிக்குகிறது.

நகத் தவளையும் அதே வரிசை. ஆய்வகங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வெளியேறி அமெரிக்காவின் கலிஃபோர்னியா, சிலி, பிரான்ஸ் எனப் பல இடங்களில் குளங்களைப் பிடித்திருக்கிறது. உள்ளூர் மீன் குஞ்சு, தலைப்பிரட்டை எதையும் விட்டுவைப்பதில்லை. 15 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது.

அதைவிடப் பெரிய பயம், அது சுமந்து வரக்கூடிய நோய். 'சைட்ரிட்' என்ற நீர்ப் பூஞ்சை தவளைகளின் தோலைத் தாக்குகிறது. தோலால் மூச்சும் நீரும் எடுக்கும் உயிருக்குத் தோல் கெட்டால் எல்லாம் போயிற்று. உலகம் முழுக்க 501 நீர்நில வாழ்வன இனங்களின் சரிவுக்கு இந்தப் பூஞ்சை காரணமானது என்றும், அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்றும் 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நகத் தவளை இந்தப் பூஞ்சையைச் சுமந்துகொண்டே, தான் பெரிதாகப் பாதிக்கப்படாமல் இருக்கக்கூடியது. கமுதி வெயிலில் இந்தப் பூஞ்சை செழிப்பது கடினம்தான். குளிர்ச்சியே அதற்குப் பிடிக்கும். ஆனால் அதை நம்பி ஒரு கண்மாயைப் பணயம் வைக்க முடியுமா?

மருத்துவர் சொல்லியிருந்ததை நினைவு வைத்திருந்து குறுக்கே நின்றது பையன்தான். "ஆத்துல விட்டா நம்ம தவக்களைக்கெல்லாம் சீக்கு வந்துரும்னு டாக்டர் சொன்னாருல்ல? செத்தாலும் இங்கயே சாகட்டும் பெரியப்பா" என்றான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த வார்த்தை லேசில் வந்திருக்காது. யாரும் அதற்குமேல் பேசவில்லை.

சித்திரங்குடிக்கு ஒரு பயணம்

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குடும்பம் ஆட்டோ பிடித்து முதுகுளத்தூர் வழியாகச் சித்திரங்குடிக்குப் போனது. அத்தனை வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் அப்பத்தாவைத் தவிர யாரும் பார்த்திராத இடம்.

சித்திரங்குடிக் கண்மாயும், அதை அடுத்திருக்கும் காஞ்சிரங்குளம் கண்மாயும் 1989 முதல் பறவைகள் சரணாலயங்கள். 2022 ஆகஸ்டில் இரண்டும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகள் என்ற அங்கீகாரம் அது.  நம்ம ஊர்ப் பாசனக் கண்மாய்தான். அதன் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கொக்குகளும் வந்து கூடு கட்டுகின்றன. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்தால் பறவைகள் வரும். நிறையாவிட்டால் வராது. கணக்கு அவ்வளவுதான்.

கரையோரத்தில் நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் 'ப்ளக்' என்று ஒரு தவளை தண்ணீருக்குள் பாய்கிறது. பயந்தால் தண்ணீர்மேலேயே தத்தித் தத்தி ஓடும் சின்னத் தவளைகள் அவை. கொசுவையும் பூச்சியையும் அவை தின்கின்றன. அவற்றைக் கொக்கு தின்கிறது. தவளைக்கால் ஏற்றுமதிக்காகக் கோடிக்கணக்கான தவளைகள் பிடிக்கப்பட்ட காலம் ஒன்று இந்தியாவில் இருந்தது. வயலில் பூச்சி பெருகும் என்ற கவலை எழுந்து, 1987-ல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பையன், "அக்கா, நம்மளுது இங்க வந்திருந்தா இதையெல்லாம் தின்னுருக்கும்ல?" என்றான். "என் கப்பியைத் தின்ன மாதிரிதான்" என்றார் அக்கா. இந்த முறை இருவரும் சிரித்தார்கள்.

வீட்டில் தண்ணீர்த் தவளை இருக்கிறதா? கவனிக்க:

* தவளையை மீனோடு சேர்த்து வளர்க்காதீர்கள். நகத் தவளை என்றால் தனித் தொட்டி கட்டாயம். தொட்டிக்கு மூடி அவசியம்.
* தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், சோப்பு வேண்டாம்.
* வாய்க்குள் போகும் அளவுக் கற்களைத் தொட்டியில் போடாதீர்கள். இரையோடு விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.
* தவளை அவ்வப்போது தோலை உரித்து, அதைத் தானே தின்னும். இது இயல்பு. ஓயாமல் தோல் உரிந்தால், இரை எடுக்காமல் சோர்ந்திருந்தால், உடம்பு வீங்கினால், தொடை சிவந்தால் உடனே தனியாகப் பிரித்து மருத்துவரைப் பாருங்கள்.
* மீன் மருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள். சென்னை வேப்பேரி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஆலோசனை கேட்கலாம். தண்ணீர், மீன் தொடர்பான சந்தேகங்களுக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது.
* தொட்டாலும் தொட்டியைக் கழுவினாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தவளையைத் தொடுவதற்கு முன்பு மட்டும் வெறும் தண்ணீரில் அலசினால் போதும். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை குள்ளத் தவளைகள் மூலம் 200-க்கும் மேற்பட்டோருக்கு சால்மொனெல்லா தொற்று பரவியது. பெரும்பாலும் குழந்தைகள். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவாதீர்கள்.
* வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்காரரிடமோ, வளர்க்கத் தெரிந்தவரிடமோ கொடுங்கள். ஆறு, குளம், கண்மாய் எதிலும் விடாதீர்கள். தொட்டித் தண்ணீரையும் நீர்நிலையில் ஊற்றாதீர்கள். நீர்நிலைக்குத் தள்ளி, வெயில் காயும் வறண்ட மண்ணில் ஊற்றுங்கள்.

இப்போது அந்த வீட்டுக் கூடத்தில், தங்கமீன்களுக்கு இன்னும் பெரிய தொட்டி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார் அக்கா. தவளைக்கு ஜன்னலோரத்தில் நிழலாக ஒரு தனித் தொட்டி. வெயில் ஏறினால் மண் சட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். சாக்கு நனைக்கும் வேலையைப் பையன் பள்ளிக்குப் போனபிறகு அப்பத்தா பார்த்துக்கொள்கிறார்.

"எனக்கு அதைக் கண்டாலே ஆகாது" என்று இன்றைக்கும் சொல்கிறார் அப்பத்தா. சொல்லிக்கொண்டே, சாக்கின் மேல் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறார்.